நான் போகாத ஊரின் குளம்

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு என் மானம் போகப்போகிறது என்று திங்கட்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து நாள் முன்னறிவித்தலோடு வருகிற அவமானம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆறுதலாகத் தயாராகலாம். நானும் தயாரானேன். செவ்வாய்க்கிழமை வயிறு கெட்டது. புதன்கிழமை தேவாலயத்துக்கு முன்னால், குளிருக்கு முந்திய கடைசிப் புல் வெட்டும்போது பூப்பாத்தியையும் சேர்த்து வெட்டிவிட்டேன். ஊராட்சி மன்றத்தின் வேலைப்பகுதியில் புல் வெட்டுவதும் பனி வழிப்பதும் மண்டபத்தில் கதிரை அடுக்குவதும்தான் என் உத்தியோகம். பத்தொன்பது வருடத்தில் ஒரு பூவுக்கும் நான் தீங்கு செய்ததில்லை.

எங்கள் ஊர் கிழக்கு ஜேர்மனியில், ஹாலேயிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். இங்கே அறுபதைத் தாண்டியவர்கள் பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி படித்தவர்கள். பிறகு வந்தவர்கள் ஆங்கிலம் படித்தார்கள், படித்த கையோடு லைப்சிக்குக்கும் மியூனிக்குக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் சேர்ந்து, இங்கிலாந்தில் ஒரு கிராமத்தோடு நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எல்லா ஊருக்கும் ஒரு நட்பு ஊர் இருக்கிறதாம், எங்களுக்கு மட்டும் இல்லையாம். எல்லாம் கடிதத்தில் நடந்தது. இங்கேயிருந்து அங்கே யாரும் போகவில்லை, அங்கேயிருந்து யாரும் வரவில்லை. அவர்கள் தங்கள் தேவாலயத்தின் படம் ஒன்றை அனுப்பினார்கள். ஊர் எல்லையில் அந்தக் கிராமத்தின் பெயரோடு ஒரு பலகை நட்டோம். நட்டோம் என்றால், நான் நட்டேன்.

கடிதங்களை யார் வாசிப்பது என்ற கேள்வி வந்தபோது, நட்புச் சங்கத்தின் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை, என்னைப் பார்த்தார். "உனக்கு இங்கிலாந்து தெரியும்தானே?"

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் இலக்கத்துண்டோடு காத்திருந்தவர்களுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைக் கேட்டாலும் முதலில் "யா", அதாவது ஆம், என்று சொல்லிவிடுகிற பழக்கம் உண்டு. என்ன கேட்டார் என்பதை வீட்டுக்கு வந்து யோசிக்கலாம். இல்லை என்று சொன்னால் இன்னொரு படிவம் தருவார்கள். பயம் போய்ப் பல வருடமாகிவிட்டது. "யா" மட்டும் போகவில்லை.

"யா," என்றேன்.

எனக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். இங்கிலாந்து என்றால் லண்டனில் மனைவியின் தம்பி வீடு தெரியும். சங்கத்துக்கு அது போதுமாக இருந்தது. ஊர்ச்சின்னம் செதுக்கிய மரப்பலகை ஒன்றைக் கையில் தந்து, மூன்று நாள் பயணமாக என்னை அந்தக் கிராமத்துக்கு அனுப்பினார்கள்.

மச்சான் லண்டன் விமான நிலையத்துக்கே வந்து நின்றான்.

"அத்தான், கிராமம் எங்கயும் ஓடாது. முதல்ல வீட்டுக்கு வாங்கோ. இவள் கணவாய்க் கறி வைச்சிருக்கிறாள்."

"பின்னேர ரயில் எடுக்கோணும் மச்சான்."

"எடுக்கலாம். சாப்பிட்டிட்டுத்தானே?"

ஒரு வீட்டில் சாப்பிட்டால் செய்தி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மச்சான் வீட்டுக்குப் போனவர் பெரியம்மா வீட்டுக்கு ஏன் வரவில்லை? பெரியம்மா வீட்டுக்குப் போனவர் அவருடைய சம்பந்தி வீட்டு வாசலால் எப்படிப் போகாமல் போகலாம்? ஒரு வீட்டைத் தவறவிட்டால் அது பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் பேசப்படும். மூன்றாம் நாள் பின்னேரம் பதினோராவது வீட்டில், ஒன்பதாவது தட்டு ரோல்ஸுக்கு முன்னால் இருந்தபோது, விமானத்துக்கு நான்கு மணித்தியாலம் இருந்தது. கிராமத்துக்குப் போக மட்டும் மூன்று மணித்தியாலம் வேண்டும். மரப்பலகையைத் தபாலில் அனுப்பச் சொல்லி மச்சானிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மண்டபத்தில் நாற்பது பேர் கேக்கும் கோப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கொப்பியும் பென்சிலுமாக எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

"அழகான ஊரா?" என்றார் தலைவி.

"யா."

பிறகு ஒரு மணி நேரம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் ஒரு துப்பறியும் தொடர் போகும். வாரத்துக்கு ஒரு இங்கிலாந்துக் கிராமம், வாரத்துக்கு ஒரு கொலை. பிணத்தை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் சுற்றுலாக் கையேடு. அதிலிருந்து ஓலைபோல் வைக்கோல் வேய்ந்த மூன்று வீடுகளை எடுத்தேன். நடுவில் ஒரு குளம் தோண்டினேன். குளக்கரையில் உட்கார ஒரு மரவாங்கும், கைப்பம்பு ஒன்றும் வைத்தேன். நரியின் படம் தொங்குகிற மதுச்சாலை ஒன்றைத் திறந்தேன். சரித்திரம் கேட்டார்கள். முற்காலத்தில் ஒரு பிரபு சீட்டாட்டத்தில் பாதி ஊரைத் தோற்றார், வென்றவர் கோபத்தில் ஊருக்கு நடுவே மதில் கட்டினார், அது இன்றைக்கும் நிற்கிறது என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கே அந்த ஊருக்குப் போகவேண்டும்போல் இருந்தது.

முந்நூறு வருடத்துக்கு முதல் இங்கேயிருந்து தரங்கம்பாடிக்குப் போன பாதிரிமார் தமிழ் ஊர்களைப் பற்றி எழுதிய கடிதங்கள் ஹாலேயில் ஒரு பழைய அறநிலையத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. நான் ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அவர்கள் என்ன எழுதினார்களோ, போய்ப் பார்த்துவிட்டாவது எழுதினார்கள்.

அடுத்த மாதம் இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து கடிதம் வந்தது. பலகைக்கு நன்றி, உங்கள் பிரதிநிதியைச் சந்திக்க முடியாமல் போனது வருத்தம் என்று எழுதியிருந்தார்கள். சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி என்று மொழிபெயர்த்தேன். அந்த ஒரு வரியை மாற்ற எனக்கு ஓர் இரவு முழுக்கத் தேவைப்பட்டது. இரண்டாவது கடிதத்துக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பயம் உங்களுக்குப் பகிடியாகத்தான் இருக்கும். நாற்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே சிக்னல்காரர்தான். நாங்கள் இங்கே குடிவந்த முதல் கிழமை யாரோ எங்கள் தபால்பெட்டியை அடித்து நொறுக்கியிருந்தார்கள். மறுநாள் காலை அவர் புதுப்பெட்டி ஒன்றோடு வந்து, ஆணியடித்துச் சுவரில் பொருத்தினார். அதில் எங்கள் நீண்ட பெயரை ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தார். எங்கள் பெயரைப் பிழையில்லாமல் எழுதிய முதல் ஜேர்மன்காரர் அவர். அலுவலகங்கள் அதன் பிறகும் ஆறு வருடம் எடுத்தன.

அவர் விமானத்தில் ஏறமாட்டார். கணினி வைத்திருக்கவில்லை. நிலவறையில் பொம்மை ரயில்கள் ஓடுகிற ஒரு சிறிய உலகம் வைத்திருந்தார். என் பேச்சுக்கு அடுத்த வியாழன் வேலியடியில் நின்று கேட்டார்.

"தேவாலய வாசலில இருந்து குளத்துக்கு எத்தினை அடி நடந்தாய்?"

"ஏன்?"

"கட்டப்போறன். அந்த ஊரை. எண்பத்தேழில ஒரு பங்கு அளவில. தேவாலயத்துக்குப் படம் இருக்கு. மிச்சத்துக்கு நீ இருக்கிறாய்."

அவர் பேசுவது ஜேர்மன். என் காதில் அது எப்போதும் எங்கள் தமிழில்தான் விழும்.

"நூற்றி நாற்பத்திரண்டு அடி," என்றேன். எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

எட்டு மாதம், ஒவ்வொரு வியாழனும் கேள்வி. மதிலின் கல் என்ன நிறம்? மதுச்சாலைக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? குளத்தில் வாத்து எத்தனை? ஐந்து என்றேன். ஐந்து வாத்து வந்தது. ஒவ்வொன்றும் அரிசியளவு. பூதக்கண்ணாடி போட்டு வாத்துத் தலையில் பச்சை பூசினார். நான் சொன்னவை எல்லாம் அவர் கொப்பியில் இருந்தபடியால், நான் மறந்ததை அவரிடமே கேட்டுத் திரும்ப அவருக்குச் சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை கடிதத்தில், சனிக்கிழமை ஆறு பேர் வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். வரமாட்டோம் என்று மொழிபெயர்க்கலாமா என்று யோசித்தேன். பஸ் வந்து நின்றால் என்ன செய்வது? உள்ளபடி மொழிபெயர்த்தேன். உடனே தலைவி சொன்னார், மண்டபத்தில் விருந்தாளிகளுக்கு முன்னால் சிக்னல்காரரின் கிராமத்தைத் திறந்து வைப்போம் என்று.

செவ்வாய்க்கிழமை மனைவியிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். எதற்கும் பதறமாட்டாள்.

"போகேல்லை எண்டு சொல்லுங்கோவன். உயிரா போகப்போகுது?"

"எட்டு மாசமாக் கட்டியிருக்கிறாரப்பா."

"கட்டினது அவர். கதை விட்டது நீங்கள். ஆர் சொல்லோணும்?"

"மண்டபத்தைப் பூட்டுற திறப்பு என்னட்டைத்தானே இருக்கு. தண்ணிக் குழாய் வெடிச்சுப்போச்சு எண்டால்?"

"வெடிக்க வைச்சிட்டு ஆர் வெள்ளம் துடைக்கிறது? அதுவும் நீங்கள்தான்."

அதுவும் உண்மை. மண்டபத்தில் எது உடைந்தாலும் திருத்துகிறவன் நான். நாசவேலை செய்யக்கூட எனக்கு வசதியில்லாத உத்தியோகம்.

மச்சானைத் தொலைபேசியில் அழைத்து, நீயாவது ஒருமுறை அந்த ஊருக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பு என்று கெஞ்சினேன். வியாழன் காலை படங்கள் வந்தன. பின்னாலேயே அவனும் தொலைபேசியில் வந்தான்.

"அத்தான், அங்கை என்ன கிடக்கெண்டு என்னை அனுப்பினனீங்கள்? ஒரு தேத்தண்ணிக் கடை கூட இல்லை."

"குளம்?"

"என்ன குளம்?"

"வைக்கோல் கூரை வீடு ஏதும்?"

"செங்கல் வீடுதான், ஒரு வரிசையா. சுத்திவரக் கிழங்குத் தோட்டம். பஸ் நிக்கிற இடத்தில ஒரு கொட்டில். பப் ஒண்டு இருந்ததாம், பூட்டி வீடாக்கிப் போட்டினம்."

"மதில்?"

"அத்தான், சுகமா இருக்கிறியளோ?"

அன்றைக்குப் பின்னேரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று சிக்னல்காரரின் நிலவறைக்குள் இறங்கினேன். படியிலேயே வசனத்தைப் பாடமாக்கினேன். நான் ஒரு விஷயம் சொல்லவேண்டும். அவ்வளவுதான், பிறகு தானாக வரும்.

"நான் ஒரு விஷயம் சொல்லோணும்," என்றேன்.

"பொறு. முதல்ல நீ இதைப் பார்." குளக்கரை வாங்கை விரலால் காட்டினார். அதில் ஒரு மண்ணிற மனிதன் உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை, கையில் பை. தலையில் நடுவில் மட்டும் மயிர் இல்லை.

"நீதான்," என்றார். "எங்கட ஊரில இருந்து அங்கை போன ஒரே ஆள். உன்னை வைக்காமல் அந்த ஊர் முடியாது."

நான் அந்த மனிதனைப் பார்த்தேன். குளத்தைப் பார்த்தபடி வெகு நிம்மதியாக இருந்தான், அந்த நாய்ப்பயல்.

"என்ன விஷயம்?" என்றார்.

"சனிக்கிழமை எத்தனை மேசை போடோணும் எண்டு கேக்க வந்தனான்."

"ஒண்டு போதும். உறுதியானதாப் போடு."

சனிக்கிழமை உறுதியான மேசையாகப் போட்டேன். அதற்கு மேல் கிராமம் வெள்ளைத் துணிக்குள் பிரேதம்போல் கிடந்தது. ஆங்கிலம் தெரிந்த இரண்டு தீயணைப்புப் படைப் பொடியன்களை வெளியே சொசேஜ் சுடுவதற்கு நானே அனுப்பினேன். இவ்வளவு சின்னப் புத்தி எனக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று மணிக்கு ஆறு விருந்தாளிகள் வந்தார்கள். அவர்களின் ஊராட்சித் தலைவி எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. மழைச்சட்டை போட்டிருந்தார், பேச்சு மெதுவாக இருந்தது. சிக்னல்காரர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அவருடைய மனைவியின் சவ அடக்கத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைக் கண்டேன்.

துணியை எடுத்தார். எங்கள் ஊரார் நாற்பது பேரும் "ஆ" என்றார்கள். வந்த ஆறு பேர் சொல்லவில்லை.

அந்தப் பெண்மணி மூக்குக்கண்ணாடியை மாற்றிப்போட்டுக் குனிந்தார். தேவாலயத்தைச் சுற்றிப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், கோபமில்லாமல், உண்மையாகவே அறிய விரும்புகிறவர்போல் கேட்டார். தேவாலயம் எங்களுடையது. மற்றது எந்த ஊர்? எங்களுக்குக் குளம் இல்லையே.

மண்டபம் முழுக்க என் வாயைப் பார்த்தது. சிக்னல்காரர் துணியை மடித்துக் கையில் போட்டபடி நின்றார்.

"என்ன சொல்றா?" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தில் என் முன்னால் இருந்த வசதியை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்மணி சொன்னது எங்கள் ஆட்களில் என்னைத் தவிர ஒருவருக்கும் விளங்காது. அச்சொட்டாகத் தங்கள் ஊர்போலவே இருக்கிறது என்கிறார் என்று சொன்னால் போதும். கைதட்டல், கேக், பஸ், முடிந்தது. எட்டு மாதமாக நான் செய்து வந்த வேலைதான் அது. வாய் பழக்கத்தில் "யா" என்று தொடங்கியும் விட்டது.

ஆனால் சிக்னல்காரரின் கண் அந்தப் பெண்மணியின் முகத்தில் இருந்தது. நாற்பது வருடம் தூரத்து விளக்கின் நிறத்தைப் பார்த்து ரயிலை விட்டவர். சிவப்பைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகும் நான் பச்சை என்று சொன்னால், அவர் நம்புவார். நான் சொன்னேன் என்பதற்காகத் தன் கண்ணைவிட்டு என்னை நம்புவார். அதுதான் எனக்கு ஏலாமல் போனது.

"இது தங்கட ஊர் இல்லையாம்," என்றேன். "அவ சொல்றது சரி. நான் அங்கை போகேல்லை. லண்டனில சொந்தக்காரர் வீடுகளில இருந்து சாப்பிட்டிட்டு வந்தனான். தேவாலயத்தைத் தவிர மிச்சம் எல்லாம் என்ரை பொய்."

யாருடைய முள்ளுக்கரண்டியோ தட்டில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. எங்கள் சங்கத் தலைவி மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

சிக்னல்காரர் கிராமத்தைப் பார்த்தபடி ஒரு கேள்விதான் கேட்டார்.

"வாத்தும் இல்லையோ?"

"வாத்தும் இல்லை."

தலையை ஆட்டினார். துணியை விரித்து, கோபுரத்தில் சிக்காமல் கவனமாகத் திரும்ப மூடினார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். படாரென்று அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்தப் பெண்மணி, தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். இல்லை, உங்கள் ஊர் உண்மையில் எப்படி இருக்கும் என்று இவர்களுக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லை விடாமல் மொழிபெயர்த்தேன். நிரபராதிபோல் அல்ல, வகுப்பில் நூறு தடவை தண்டனை எழுதுகிற மாணவன்போல். தேவாலயத்துக்கு எழுநூறு வயது, கூரையிலிருந்த ஈயத்தை யாரோ களவெடுத்துவிட்டார்கள், மழைக்கு ஒழுகுகிறது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மதுச்சாலையும் போய்விட்டது. பஸ் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஒன்று இருக்கிறது, அதற்குள் தொலைபேசி இல்லை, பழைய புத்தகங்கள்தான்.

"எங்களுக்கு அந்தக் கூண்டும் இல்லை," என்று பின்வரிசையில் தீயணைப்புத் தலைவர் சொன்னார். அதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். விருந்தாளிகள் முதல் தடவையாகச் சிரித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் எந்த வருடம் மூடப்பட்டது, பஸ் எப்போது குறைந்தது என்று இரண்டு பக்கமும் கேட்கத் தொடங்கியது. ஆறு மணி வரைக்கும் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தேன். என்னோடு யாரும் பேசவில்லை, என்னூடாகப் பேசினார்கள்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை. வேலியடியில் நான் வணக்கம் சொன்னால் சிக்னல்காரரும் சொன்னார். அவ்வளவுதான். வியாழக்கிழமைகளில் என் நாக்கு தானாகவே விடை தேடியது, கேள்வி வரவில்லை. நான் பகிடி விட்டுப் பார்த்தேன். அந்த வருடம் முந்தியே விழுந்த முதல் பனியில் அவருடைய பக்கத்தையும் வழித்துப் பார்த்தேன், அவர் தன் மண்வெட்டியை எடுத்துவந்து நான் வழித்த இடத்தையே இன்னொருமுறை வழித்தார். தபால்பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என் பெயர் பிழையில்லாமல் என்னைப் பார்த்தது. சித்திரவதைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா?

"போய்க் கதவைத் தட்டுங்கோ," என்றாள் மனைவி.

"தட்டி என்ன சொல்றது?"

"இந்த முறை ஒண்டும் சொல்லாதேங்கோ. அதுதான் நல்லது."

தட்டவில்லை. பயந்தாங்கொள்ளி என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர்தான் தட்டினார், ஒரு சப்பாத்துப் பெட்டியோடு.

"இது உன்ரை," என்று தந்தார்.

திறந்தேன். பஞ்சில் சுற்றி ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தார். மூன்று வைக்கோல் கூரை வீடு. நரி தொங்குகிற மதுச்சாலை. நாலு துண்டாக மதில். கைப்பம்பு. பலகையிலிருந்து முழுதாக வெட்டி எடுத்த குளம், ஐந்து வாத்தோடு. வாங்கும் இருந்தது, வெறுமையாக.

"என்னைக் காணேல்லை," என்றேன். கேட்கக்கூடாத கேள்விதான், வாய் கேட்டுவிட்டது.

சட்டைப்பையிலிருந்து ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்துத் தள்ளித் திறந்தார். நீலச் சட்டைக்காரன் உள்ளே மல்லாந்து கிடந்தான்.

"இவன் இன்னும் ஊருக்குப் போய்ச் சேரேல்லை," என்றார். பெட்டியை மூடித் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு நாலாக மடித்த ஒரு கடதாசியை நீட்டினார். ரயில் நேரங்கள், அவருடைய அச்சுப்போன்ற எழுத்தில். வெள்ளிக்கிழமை காலை ஆறு பதினேழு. நாலு இடத்தில் மாறவேண்டும். கடைசி வரியில் செவ்வாய்க்கிழமை பஸ். ஆள் இரண்டு என்று எழுதியிருந்தார். "அளவுநாடா நான் கொண்டுவாறன். நீ நடந்து எண்ணு. நான் பின்னால நிண்டு பார்ப்பன்."

மன்னித்துவிட்டாரா என்று முகத்தில் தேடினேன். ஒரு விளக்கும் எரியவில்லை, பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

"யா," என்றேன். பிறகுதான் கடதாசியை ஒழுங்காக வாசித்தேன். நாலாவது மாற்றம் லண்டனில். வெள்ளி இரவிலிருந்து செவ்வாய் காலை வரை அங்கே தங்கவேண்டும், அந்தக் கிராமத்துக்கு வேறு பஸ் இல்லை.

மனைவியைத் தவிர நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் பின்னேரமே கைபேசி அடித்தது.

"அத்தான், அக்கா சொன்னவ. மூண்டு நாள் நிப்பியளாம். வெள்ளைக்காரர் நண்டு சாப்பிடுவாரோ? பெரியம்மாவும் கேக்கிறா."

குளத்தை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து, சொந்தக்காரருக்குச் சொல்வதற்காக ஏலாது என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. வயிறு கெடத் தொடங்கிவிட்டது.